நல்லா இருக்கியா?

"ஐந்தாம் மாடி" என்று லிஃப்ட் இனிமையாகச் சொன்னது. சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காமல் சும்மா நின்றது.

உள்ளே நின்றிருந்த பல் டாக்டர் கதவை முறைத்தார். பக்கத்தில் நின்றிருந்த இன்ஜினியர் கதவைப் பார்த்து, பயப்படும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வதுபோல் லேசாகச் சிரித்தார். ஒருவர் ஆற அமரக் கொட்டாவி விட்டு முடிக்கும் நேரம் ஆனது. அப்புறம், மறந்துபோன ஏதோ நினைவுக்கு வந்ததுபோல், கதவு திறந்தது.

"பார்த்தீங்கல்ல? உள்ளே சொத்தை. பிடுங்கிட வேண்டியதுதான்" என்றார் பல் டாக்டர்.

"பிடுங்குறது எதுக்கு டாக்டர்? அடைச்சாப் போதும்."

"நாலு மணிக்குக் கீழே கூட்டம். அதுக்குள்ள ஒழுங்கா ஓடலைன்னா இந்த லிஃப்டைக் கழட்டிடணும்னு தீர்மானம் போடப் போறோம். கூடவே செயலாளரையும்."

டாக்டர் மூன்றாம் மாடிக்காரர். இறங்கிப் போக லிஃப்டை நம்பாமல் படியைப் பிடித்தார்.

கழற்றப்படவிருந்த செயலாளர் வேறு யாருமில்லை, இன்ஜினியரின் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். "எங்க சகலை கம்பெனி லிஃப்டு, கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்று குடியிருப்பில் எல்லோரிடமும் சொல்லி, பழைய லிஃப்டைத் தூக்கிப் போட வைத்தவர் அவர்தான். அவர் வீடு ஐந்தாம் மாடியில். அதே வீட்டில்தான் மாமனாரும் இருந்தார். மாமனாரின் முழங்கால் படி என்ற சொல்லைக் கேட்டாலே வலிக்கும். லிஃப்ட் போனால் செயலாளருக்குப் பதவி போகும். மாமனாருக்குத் தெருவே போய்விடும்.

லிஃப்டுக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் போன் சார்ஜர் ஒயர் மாலைபோல் தொங்கியது.

"வாங்க மாப்பிள்ளை" என்றார். "உங்ககிட்ட ஒண்ணு... அது வந்து..."

மாமனார் எதையும் "அது வந்து" இல்லாமல் ஆரம்பிக்க மாட்டார். அந்த "அது" வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார்.

"கதவு ஏன் லேட்டுன்னுதானே மாமா? சொல்றேன்" என்று இன்ஜினியர் உற்சாகமாக நாற்காலியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

விளக்கிச் சொல்வது அவருக்கு உயிர். ஒவ்வொரு இரண்டு வாக்கியத்துக்கும் ஒரு "புரிஞ்சுதா?" போடுவார். பதில் வருவதற்குள் அடுத்த "புரிஞ்சுதா?" வந்துவிடும். அவர் மனைவி கல்யாணமான புதிதில் தங்கையிடம் வைத்த பெயர் 'புரிஞ்சுதா'. அது குடும்பத்தில் நிலைத்துவிட்டது.

"இந்த லிஃப்டுக்குள்ள கதவு, மாடி நம்பர் காட்டுற பலகை, குரல், எடை பார்க்குற கருவி, பொத்தான், விசிறி, அபாய மணின்னு ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கு மாமா. எல்லாருக்கும் சேர்த்துப் பேசிக்க ஒரே ஒரு ஜோடிக் கம்பி. ஒருத்தர் பேசினா எல்லாருக்கும் கேக்கும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினா?"

"சண்டை" என்றாள் உள்ளேயிருந்து தேநீருடன் வந்த மைத்துனி.

"நம்ம வீட்டுலன்னா சண்டை. இங்கே அதான் கிடையாது! ஆளுக்கு ஒரு எண். வாயைத் திறந்ததும் முதல்ல தன் எண்ணைத்தான் சொல்லணும், ஒவ்வொரு இலக்கமா. சொல்லும்போதே காதையும் தீட்டி வெச்சுக்கணும். தன் எண்ணைவிடச் சின்ன எண் கேட்டுச்சா, அந்த இடத்துலயே வாயை மூடிக்கணும். சின்ன எண்காரர் தடங்கலே இல்லாம பேசி முடிப்பார். பெரிய எண்காரர் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பார். கத்தலும் கிடையாது, ரோஷமும் கிடையாது. புரிஞ்சுதா?"

"அப்போ எனக்கு எந்த எண் அத்தான்?"

"நீ என்ன சொல்லப் போறேங்கிறதைப் பொறுத்தது. பால் பொங்குதுன்னா சின்ன எண். பக்கத்து வீட்டுக்காரி புதுசா வாங்கின சோபாவைப் பத்தின்னா பெரிய எண். முக்கியம் வேற, அவசரம் வேற. யாரோட சேதி தாமதமானா கெட்டுப் போகுமோ அவங்களுக்குத்தான் சின்ன எண் தரணும். அதைச் சரியா பிரிச்சுக் கொடுக்கிறதுதான் என் வேலை. அதுல எங்கேயோ தப்பு விட்டிருக்கேன். ஏன்னா, சின்ன எண்காரர் ஓயாம பேசிக்கிட்டே இருந்தா, பெரிய எண்காரருக்கு வாயைத் திறக்க வாய்ப்பே வராது. பாவம், சொல்ல வந்ததை முழுங்கிக்கிட்டே நிப்பார்."

"அது வந்து மாப்பிள்ளை..." என்றார் மாமனார்.

"புரிஞ்சுதுல்ல? அவ்வளவுதான்!" என்று எழுந்தார் இன்ஜினியர்.

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், பிளக் பாயிண்ட் ஒன்றில், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி செருகியிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கதவுச் சட்டத்துக்குள் போயிற்று. பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் அதை ஒரு முறை தடவிக் கொடுத்தார். அது அவர் கையாலேயே செய்தது. லிஃப்ட் ஓட ஆரம்பித்த முதல் மாதம் ஒரு புகாரும் வரவில்லை. அவருக்கு அதுவே கவலையாகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டு லிஃப்ட் ஆயிற்றே, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அதனால் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். பெட்டிக்கு ஒரே வேலை. லிஃப்டின் ஒவ்வோர் உறுப்பையும் "நல்லா இருக்கியா?" என்று கேட்கும். உறுப்பு "நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்லும். விசாரிக்க வந்தவரை வரிசையில் நிற்க வைப்பது மரியாதையில்லை என்று பெட்டிக்குப் பூஜ்யம் என்ற எண்ணைக் கொடுத்திருந்தார். புகார் வரத் தொடங்கிய பிறகு இன்னும் அடிக்கடி விசாரிக்கும்படி செய்தார்.

மொட்டைமாடி இயந்திர அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார். கம்பியில் போகிற ஒவ்வொரு சேதியும் திரையில் ஒரு வரியாக ஓடியது. பெட்டியின் விசாரிப்பும் அதற்கு வரும் பதிலும் மட்டும் திரையில் வராது. நம்ம ஆள்தானே, அவன் பேச்சு எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று முதல் நாளே அதை மறைத்து வைத்திருந்தார்.

"சகலை, ஒரு விசித்திரம்" என்று மூச்சு வாங்க ஏறி வந்தார் செயலாளர். "தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் இந்த லிஃப்டு தங்கமா ஓடுது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறக்க மாட்டேங்கிறா."

இன்ஜினியரின் கண்கள் விரிந்தன. "மத்தியானமா? வெயில்ல கம்பி சூடாகி... இல்லையே, சூடானா மோசமாத்தானே ஆகணும். ஆள் நடமாட்டம் கம்மியோ?"

"மத்தியானம்தான் பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் வருது."

"அப்படியா! இது ரொம்ப சுவாரசியமா இருக்கே."

"உங்களுக்குச் சுவாரசியம். எனக்குப் பதவி போகுது. கதவைச் சரி பண்ணுங்க சகலை."

கதவுக்கு ஒன்பது என்ற எண் இருந்தது. அதை இரண்டாக்கினார். சரியாகிவிட்டதா என்று உடனுக்குடன் தெரிய வேண்டாமா? பெட்டியையும் இன்னும் கொஞ்சம் அடிக்கடி விசாரிக்கச் சொன்னார்.

கதவு இப்போது லிஃப்ட் நின்ற மறு நொடியே பட்டென்று திறந்தது. செயலாளர் கை தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மைத்துனியின் குரல் படிக்கட்டில் கேட்டது. அது மேலே வரவர உயர்ந்துகொண்டே வந்தது.

"அத்தான்! பலகையில அஞ்சுன்னு போட்டுச்சு. கதவு திறந்துச்சு. இறங்கி நேரா சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பாலையெல்லாம் அடுக்கிட்டேன். பின்னாடி 'யாரும்மா நீ?'ன்னு ஒரு குரல். திரும்பினா பல் டாக்டர்!"

"மூணாவது மாடியா?"

"மூணாவது மாடிதான்! அந்தப் பலகை முந்தின சவாரியோட நம்பரைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கு. பால் இன்னும் அங்கேதான் இருக்கு. கேக்க வெட்கமா இருக்கு."

"பலகையோட சேதி வரிசையில மாட்டிக்கிச்சு" என்று இன்ஜினியர் குதூகலமாகச் சொன்னார். "கதவு முன்னாடி போனதுல பலகை பின்னாடி போயிடுச்சு. புரிஞ்சுதா?"

"பால் போனது புரிஞ்சுது."

பலகைக்கு மூன்று என்ற எண்ணைக் கொடுத்தார். பெட்டியை இன்னும் அடிக்கடி விசாரிக்கச் சொன்னார்.

இன்ஜினியர் இறங்கி வந்தபோது மாமனார் நாற்காலியைப் பெட்டிக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அது வந்து, இந்தப் பெட்டி..."

"அழகா இருக்குல்ல மாமா? நானே செஞ்சது. அந்தப் பச்சை விளக்கு ஒவ்வொரு தடவை சிமிட்டும்போதும் ஒருத்தரை விசாரிக்குதுன்னு அர்த்தம்."

"சிமிட்டவே இல்லையே. நிக்காம எரியுதே."

"அவ்வளவு அக்கறையா விசாரிக்குது!" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் படியிறங்கினார்.

"அப்பா, வெளியில உக்காந்து என்ன பண்றீங்க?" என்று வாசலில் நின்று கேட்டாள் மைத்துனி.

"போன்ல சார்ஜ் சுத்தமா இல்லம்மா. வீட்டுக்குள்ள ஒரு பிளக் கூடக் காலியா இல்லை."

"ஒண்ணுல மோடம், ஒண்ணுல எங்க வீட்டுக்காரர் லேப்டாப், ஒண்ணுல இஸ்திரிப் பெட்டி. கொஞ்சம் பொறுங்கப்பா."

மாமனார் பொறுத்தார். அந்த வீட்டில் அவர் ரொம்ப நாளாகவே பெரிய எண்காரர்.

கீழே லிஃப்ட் தகராறைத் தொடர்ந்துகொண்டிருந்தது. பல் டாக்டர் ஒரு கையில் பால் பையுடன் தன்னந்தனியாக ஏறினார். லிஃப்ட் நிதானமாக அறிவித்தது: "அதிக எடை. தயவுசெய்து ஒருவர் இறங்கவும்."

டாக்டர் உள்ளுக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊசிபோல் மெலிந்த மனிதர்.

"நான் இறங்கிட்டா அப்புறம் யாருய்யா மேலே போறது?"

"முந்தின தடவை ஏழு பேர் ஏறினாங்களே டாக்டர், அப்போ சொல்ல வேண்டியது. வாய்ப்புக் கிடைக்காம இப்பதான் சொல்லியிருக்கு. சேதி சரிதான், நேரம்தான் தப்பு" என்றார் இன்ஜினியர்.

"என் பொறுமையும் அதே மாதிரிதான் இன்ஜினியர் சார். இருக்கு, ஆனா நேரம் முடிஞ்சு போச்சு." டாக்டர் பல்லைக் கடித்தார். மற்றவர்கள் கடித்தால் கண்டிக்கிறவர் அவர்.

எடைக்கு நான்கு, குரலுக்கு ஐந்து. பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் அவசரம். இப்போது பொத்தான்கள் பின்னுக்குப் போயின. ஆட்கள் பொத்தானை அழுத்திவிட்டு நின்றார்கள், மறுபடி அழுத்தினார்கள், வெறுத்துப்போய் படியில் நடந்தார்கள். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்து கை கால் கழுவியபின், லிஃப்ட் அந்தந்த மாடிக்கு மரியாதையாகப் போய் வெறும் தரையைப் பார்த்துக் கதவைத் திறந்து மூடியது.

"சகலை, இது இல்லாதவங்களைத் தேடிப் போய் ஏத்திக்கிட்டு வருது" என்றார் செயலாளர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "காலையில கதவு மட்டும்தான் லேட்டு. நீங்க சரி பண்ணப் பண்ண லிஃப்டு பூராவும் லேட்டாயிடுச்சு. நீங்க எதையும் தொடாம இருந்திருந்தா ஒரு கொட்டாவியோட போயிருக்கும்."

இன்ஜினியர் தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். தவறு செய்துவிட்டோம் என்ற கவலையைவிட, அது எங்கே என்று தெரியாத குறுகுறுப்பு அவரைப் பிடுங்கித் தின்றது. "கணக்குப்படி பார்த்தா கம்பி பாதி நேரம் சும்மா இருக்கணும். எல்லாரும் பேசி முடிச்ச பிறகும் இடம் மிச்சம் இருக்கணும். ஆனா கம்பி நிரம்பி வழியுது. யாரோ ஒருத்தர் ஓயாம பேசுறார். திரையில பார்த்தா எல்லாரும் அடக்க ஒடுக்கமா இருக்காங்க. யாரு அது?"

நான்கு மணிக்குக் கூட்டம் கூடியது. நாற்காலி போட்டவர்கள், படியில் உட்கார்ந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கீழ்த்தளம் நிறைந்திருந்தது. தலைமை பல் டாக்டர்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "பேச்செதுக்கு? நானே ஏறிக் காட்டுறேன். டாக்டர், நீங்களும் வாங்க. அஞ்சாவது மாடிக்குப் போய் வருவோம். ஒழுங்கா வந்தா லிஃப்டு இருக்கட்டும். இல்லைன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

இருவரும் ஏறினார்கள். கதவு மூடியது. பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் ஏறின. அப்புறம் ஏறவில்லை.

கீழே எல்லோரும் மூன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பயப்படாதீங்க! கயிறும் பிரேக்கும் தனி. கம்பி என்ன உளறினாலும் லிஃப்டு விழாது, நிக்கும், அவ்வளவுதான்!" என்று கூவிக்கொண்டே இன்ஜினியர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு படிகளில் ஓடினார்.

நான்காம் மாடி தாண்டும்போது சுவருக்குள்ளிருந்து செயலாளரின் குரல் கேட்டது. "சகலை! அபாய மணியை அழுத்திக்கிட்டே இருக்கேன்! ஒரு சத்தமும் வரலையே!"

"மணிக்குக் கடைசி எண் கொடுத்திருக்கேன் சகலை! எப்பவோ ஒரு தடவை பேசுறவர்தானேன்னு!"

"இப்ப அந்த எப்பவோதான்யா நடக்குது!" இது டாக்டரின் குரல்.

இன்ஜினியருக்குப் பொறி தட்டியது. அடிக்கடி பேசுகிறவர், எப்போதோ பேசுகிறவர் என்றா எண் கொடுப்பது? மைத்துனிக்கு அவரே சொன்னாரே, தாமதமானால் கெட்டுப்போகிற சேதி எது என்றல்லவா பார்க்க வேண்டும்! ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தானே மறந்துபோனார். ஐந்தாம் மாடிக்கு ஏறித் தரையில் உட்கார்ந்தார். விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. மணிக்கு எண் ஒன்று.

"மாப்பிள்ளை" என்றார் நாற்காலியிலிருந்து மாமனார். "அது வந்து, போன் செத்தே போச்சு. நான் ஒரு நிமிஷம் அந்த..."

"செஞ்சுக்குங்க மாமா! எதுவா இருந்தாலும் செஞ்சுக்குங்க!" என்றார் இன்ஜினியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மாற்றத்தை அனுப்பும் விசையை ஓங்கித் தட்டினார்.

அப்போது அது நடந்தது.

மணி அடித்தது. கணீரென்று, கட்டடமே திடுக்கிடும்படி. மணி ஓய்ந்ததும் விசிறி சுழலும் ஓசை கேட்டது. அப்புறம் குரல், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மடமடவென்று கொட்டியது: "இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. கதவு மூடுகிறது. நான்காம் மாடி." லிஃப்ட் ஒரு குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே வந்து நின்றது. "ஐந்தாம் மாடி" என்ற சொல்லும் கதவு திறந்ததும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன.

உள்ளே செயலாளரும் டாக்டரும் கை கோத்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்ததும் கையை விட்டுவிட்டார்கள்.

டாக்டர் வெளியே காலை வைத்தார். யோசித்தார். மறுபடி உள்ளே போனார். கீழே போய்விட்டு மேலே வந்தார். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி போனார். மூன்றாம் மாடியில் நின்றார், இரண்டில் நின்றார், பொத்தான்களை விரலால் குத்தினார். எதைத் தொட்டாலும் அது உடனே கேட்டது. கூட்டம் மொத்தமும் தவணை முறையில் லிஃப்டில் ஏறி ஐந்தாம் மாடிக்கு வந்துவிட்டது.

"தீர்மானம் என்னாச்சு டாக்டர்?" என்றார் செயலாளர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.

"பல்லு ஆடலை. இருக்கட்டும்" என்றார் டாக்டர். பால் பையை மைத்துனியிடம் நீட்டினார். "ஆனா ஒண்ணு. கடைசியில என்ன செஞ்சீங்க இன்ஜினியர்? சொல்லுங்க, தெரிஞ்சுக்கணும்போல இருக்கு."

இன்ஜினியரின் வாழ்நாளில் யாரும் தாமாக வந்து இப்படிக் கேட்டதில்லை. எழுந்து, முட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு எண்ணை மாத்தினேன். அவ்வளவுதான். இத்தனை நாளா யாரோ ஓயாம பேசுறாங்கன்னு நினைச்சேன். அப்படி யாருமே இல்லை. எல்லாரும் நல்லவங்க. வரிசைதான் தப்பு. வரிசையைச் சரியா போட்டதும் பாருங்க, கம்பியில எவ்வளவு அமைதி!" திரையை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நிறைய இடம் விட்டு, நிதானமாக ஓடின. "பேசவும் தெரியணும், அடுத்தவரைப் பேச விடவும் தெரியணும். இந்த லிஃப்டு நமக்குச் சொல்ற பாடமே அதுதான். புரிஞ்சுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் கை தட்டினார்கள். செயலாளர் சகலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மைத்துனி, "அத்தான், இனிமே உங்களைப் பட்டப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டேன்" என்றாள்.

எல்லாச் சத்தமும் அடங்கியது. பேச யாருக்கும் எதுவும் பாக்கியில்லை என்று தோன்றிய அந்த அமைதியில், நாற்காலியிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"அது வந்து மாப்பிள்ளை" என்றார் மாமனார், சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி, மடியில் கிடந்த கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே. "தினமும் மத்தியானம் மாதிரியே இன்னைக்கும் உங்க பெட்டியைக் கழட்டிட்டுத்தான் போனுக்கு சார்ஜ் போட்டேன், இப்போ ஏறிடுச்சு, பெட்டியைத் திரும்ப மாட்டிடட்டுமா?"